மடிக்காத மூலை

2 ஜூன் 1969, திங்கள்: முதல் செய்தியறிக்கை.
4 நவம்பர் 1986, செவ்வாய்: 5,046-ஆவது செய்தியறிக்கை.
தாமதமாக வந்த நாட்கள்: 2. இரண்டு தடவையும் பேருந்து பழுது.
ஒலிபரப்பில் இருமியது: 11 தடவை.
திருத்தம் வாசித்தது: 1 தடவை. எடுத்த நேரம்: 41 விநாடி.
அது தொடர்பாக அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்கள்: 5.
முதல் கடிதம்: 6 நவம்பர் 1986.
இரண்டாவது: 24 நவம்பர் 1986.
விசாரணை: 9 டிசம்பர் 1986.
மூன்றாவது: 2 ஜனவரி 1987.
நான்காவது: 30 ஜூலை 1987.

ஏழேகால் என்றால் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. காலை ஏழேகால் மணிக்கு உள்ளூர் வானொலியில் செய்தி வாசிக்கிறவள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. கடைவீதியில் அவளைக் கண்டால், "என்ன ஏழேகால், இன்னைக்கு மழை வராதுன்னு ஊருக்கே சொல்லிட்டு நீங்க மட்டும் குடையோட வர்றீங்க?" என்று கேட்பார்கள். "வாசிக்கிறதுதான் என் வேலை, நம்புறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவளுடைய நாள் நாலு பத்துக்குத் தொடங்கும். ஒரு டம்ளர் வெந்நீர், ஐந்து ஐந்துக்குப் பேருந்து, ஐந்து நாற்பதுக்கு நிலையம். ஆறு மணிக்குச் செய்திப் பிரிவிலிருந்து தட்டச்சு செய்த தாள்கள் வரும். வாய்விட்டு ஒரு தடவை, மனதுக்குள் ஒரு தடவை வாசிப்பாள். பிறகு தாள்களின் மூலையை மடிப்பாள்.

இந்த மூலை சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். செய்தித் தாள்களைச் சேர்த்துக் குத்தக் கூடாது. தாளைத் தூக்கித் திருப்பினால் அந்தச் சரசரப்பு ஒலிவாங்கிக்குள் போய்விடும். ஆகவே தாள்கள் தனித்தனியாக இருக்கும். வாசித்து முடித்த தாளை மேசையோடு மேசையாக இடப்பக்கம் நகர்த்த வேண்டும். வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தாள் விரலுக்கு அகப்பட வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையையும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மேல்நோக்கி மடித்து விடுவாள். விரல் அங்கே போனதும் தாள் தானாக எழும்பி வரும். மூலை மடிந்த தாள் என்றால் அவள் வாசித்துப் பார்த்த தாள் என்றும் அர்த்தம். பதினேழு வருடத்தில் மடிக்காத தாளோடு அவள் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்ததில்லை.

அவள் கணவர் ஆற்றங்கரைச் சாயப்பட்டறையில் மேஸ்திரி. சாயம் தோய்த்த நூலை ஆற்றில் இறங்கி அலசுகிற பன்னிரண்டு பேர் அவருக்குக் கீழே. செய்தியின் நடுவில் ஆற்றின் நீர்மட்டம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் பட்டறையில் ஆளை இறக்குவார்கள். "வீட்ல இவ சொல்றத நான் காதுல போட்டுக்கிறதில்ல. ரேடியோவுல சொன்னா கேட்டுத்தான் ஆகணும், தண்ணி விஷயம்" என்று அவர் ஆட்களிடம் சொல்வார். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

1986 ஏப்ரலில் தலைமை நிலையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காகிதச் சிக்கனம். அதுவரை ஒரு வாக்கியம் எந்தத் தாளில் தொடங்குகிறதோ அந்தத் தாளிலேயே முடிய வேண்டும் என்பது செய்திப் பிரிவின் வழக்கம். அடியில் நாலு விரற்கடை வெறுமையாகக் கிடந்தாலும் சரி, அடுத்த வாக்கியம் அடுத்த தாளில்தான். சுற்றறிக்கைக்குப் பிறகு தாளின் கடைசி வரி வரைக்கும் அடித்தார்கள். பாதி வாக்கியம் இங்கே, மீதி அங்கே. ஒன்பது தாள் ஆறாகக் குறைந்தது.

தட்டச்சு செய்து கொடுக்கிறவர் செய்திப் பிரிவின் உதவி ஆசிரியர். கமா ஒன்று இடம் மாறினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர் என்பதால் அவருக்குக் கமா என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

"சார், வாக்கியத்த ரெண்டா வெட்டி ரெண்டு தாள்ல வைக்கிறீங்களே. ஒரு நாள் ஏடாகூடமாகும்."

"நான் என்ன பண்ணட்டும் மேடம்? மேலேர்ந்து தாள் எண்ணி அனுப்புறான். அடுத்த தாள்ல மீதி இருக்கு, ஓடியா போகுது?"

"ஓடாது. ஒட்டிக்கும்."

இதை அவள் சொன்னது ஜூலையில். சொன்ன வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் நான்காம் தேதி மூன்றாவது நாளாக மழை. நிலையத்தின் சுவரெல்லாம் ஓதம். ஆறு மணிக்கு வந்த ஆறு தாள்களையும் வாசித்து, மூலை மடித்து, ஏழு எட்டுக்கு ஒலிபரப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் தொழில்நுட்பர். முப்பத்து மூன்று வருடச் சர்வீஸ். எது நின்றாலும் "ஃபியூஸ் போயிருக்கும்" என்று ஆரம்பிப்பதால் அவர் பெயரும் ஃபியூஸ் ஆகிவிட்டது. அவள் மட்டும் அண்ணே என்பாள்.

ஏழு பன்னிரண்டுக்குக் கமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குடை பிடித்தும் நனைந்த கை. கையில் புதிதாக அடித்த இரண்டு தாள்கள்.

"மேல் அணையிலேர்ந்து இப்பத்தான் போன் வந்துச்சு. மூணாந்தாள், நாலாந்தாள் மாத்துங்க."

பழைய மூன்றையும் நான்கையும் உருவிக்கொடுத்தாள். புதிய மூன்றாம் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டி, மூலையை மடித்தாள். அதன் கடைசி வரி பாதியில் நின்றது.

"மறுபடியும் அந்தரத்துல தொங்க விட்டிருக்கீங்களே சார்!"

"பொறுமையா சண்டை போட இப்ப நேரமில்ல மேடம். அடுத்த தாள்ல இருக்கு."

"நான் சொல்றது உங்களுக்கு ஏறவே ஏறாதா?"

"வெளிய வந்து திட்டுங்க, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கமா நான்காம் தாளை மூன்றாம் தாளுக்கு அடியில் செருகிவிட்டு வெளியே ஓடினார். ஃபியூஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிடம். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கோபத்தோடு செய்தி வாசிக்கக் கூடாது. ஒரு மிடறு வெந்நீர் குடித்து மூச்சைச் சமப்படுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்காம் தாளின் மூலையை அவள் மடிக்கவில்லை.

முதல் தாள் போயிற்று. இரண்டாம் தாள் போயிற்று. மூன்றாம் தாளின் அடிக்கு வந்தபோது வலது கை வழக்கம்போல மூலையைத் தேடிப் போயிற்று. மூலை அகப்பட்டது. தாள் நகர்ந்தது. கண் அடுத்த தாளின் முதல் வரிக்கு முன்னாலேயே போய்விட்டது. வாசிக்கிறவர்களுக்குக் கண் எப்போதும் வாயைவிட நாலு சொல் முன்னே ஓடும். ஊர் கேட்டது இது:

"மேல் அணையின் நான்கு மதகுகளும் இன்று காலை ஒன்பது மணிக்கு மூடப்படும். பொதுமக்கள் அச்சமின்றி நடமாடலாம் என்று பொறியாளர் தெரிவித்தார்."

ஏதோ நெருடியது. அணைக்காரர்கள் மதகை மூடுவதற்கா அவசரமாகப் போன் செய்வார்கள்? ஆனால் வாக்கியம் ஒழுங்காக முடிந்திருந்தது. அடுத்த வரி காத்துக்கொண்டிருந்தது. பள்ளித் தேர்வு, சந்தை, வானிலை, தலைப்புச் செய்திகள் மீண்டும் ஒருமுறை. ஏழரைக்கு விளக்கு அணைந்தது.

வாசித்த தாள்களை எண்ணி உறையில் போடுவது அவள் வழக்கம். எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான். மூன்றாம் தாள் மட்டும் விரலுக்குக் கொஞ்சம் தடிமனாகப் பட்டது. நகத்தை விட்டு நெம்பினாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நான்காம் தாள் முனகிக்கொண்டு பிரிந்தது.

"திறந்துவிடப்படும். வழக்கத்தைப் போல் இரு மடங்கு நீர் வெளியேற்றப்படுவதால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் எட்டரை மணிக்குள் மேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறது" என்று அது தொடங்கியது. கீழே வேறு இரண்டு செய்திகள். கடைசியில் கடைவீதியில் குழாய் பதிக்கத் தோண்டிய குழிகளைப் பற்றி: "கடைவீதிக் குழிகள் அனைத்தும் இன்று மாலைக்குள்" என்று நின்றது. அதன் மீதிதான் ஐந்தாம் தாளின் தலையில்: மூடப்பட வேண்டியவை குழிகள். மக்கள் அச்சமின்றி நடமாட வேண்டியது கடைவீதியில்.

ஆற்றங்கரையில் இந்நேரம் பன்னிரண்டு பேரை இடுப்பளவு தண்ணீரில் இறக்கியிருப்பார் அவள் கணவர். அவள் சொன்னதை நம்பி.

கமாவின் அறைக்குப் போய்த் தாளை மேசையில் வைத்தாள். கமா பார்த்தார். முகம் சாம்பல் பூத்தது. நாற்காலியை இழுத்தார்.

"சார், உட்காராதீங்க. போனை எடுங்க."

சாயப்பட்டறைக்குப் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொலைபேசி முதலாளியின் அறையில். முதலாளி பத்து மணிக்கு வந்துதான் பூட்டைத் திறப்பார். காவல் நிலையத்துக்குப் போட்டார்கள். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு காவலர், ஒரு சைக்கிள், ஆறு கிலோமீட்டர் ஆற்றங்கரை. நிலைய இயக்குநரின் வீட்டுக்குப் போட்டார்கள். நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார், வர எட்டரை ஆகும் என்றார் அவர் மனைவி.

அப்போது வானொலியில் போய்க்கொண்டிருந்தது தலைமை நிலையத்தின் ஒலிபரப்பு. ஏழரையிலிருந்து எட்டு நாற்பது வரை அதை அப்படியே வாங்கித் தங்கள் கோபுரத்தின் வழியாக அனுப்ப வேண்டும். நடுவில் கை வைக்க உள்ளூர் நிலையத்துக்கு அதிகாரம் கிடையாது. அன்றைக்குப் போதாக்குறைக்கு, ஏழே முக்காலிலிருந்து நாட்டின் தலைவர் மக்களுக்கு ஆற்றும் உரை.

"எட்டு நாப்பதுக்கு நம்ம நேரம் வந்துடும் மேடம். வந்ததும் முதல் வேலையா திருத்தம் வாசிச்சிடலாம்" என்றார் கமா.

"எட்டரைக்குள்ள மேட்டுக்கு வரணும்னு நீங்கதானே டைப் அடிச்சீங்க? தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கவா?"

"தலைவர் பேச்ச வெட்டுனா நம்ம ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிடும்."

"உங்க சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க இந்த ரூம்லயே இருங்க."

கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். ஃபியூஸ் விஷயத்தை முழுக்கக் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பத்தேழு.

"வெட்ட எனக்கு ஒரு விநாடி போதும்மா. ஆனா இந்த லாக் புத்தகத்துல யார் சொல்லி வெட்டுனேன்னு நான் எழுதியாகணும். முப்பத்து மூணு வருஷத்துல அந்தக் கட்டத்த நான் காலியா விட்டதில்ல."

"நான் எழுதிக் குடுக்கிறேன் அண்ணே."

"யோசிச்சுக்க."

"யோசிச்சா ஒன்பதாயிடும்."

நான்காம் தாளின் நகல் ஒன்றின் முதுகில் எழுதினாள்: ஏழேகால் செய்தியில் நேர்ந்த தவறைத் திருத்துவதற்காகத் தலைமை நிலைய ஒலிபரப்பை என் பொறுப்பில் நிறுத்தச் சொல்கிறேன். தேதி, நேரம், கையெழுத்து. ஃபியூஸ் அதை வாங்கி லாக் புத்தகத்துக்குள் வைத்தார்.

"சரி, போய் உக்காரு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன!"

ஏழு ஐம்பத்திரண்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவர் "நமது வருங்காலச் சந்ததியினர்" என்பதோடு நின்றார். அவள் வாசித்தாள்:

"அவசர அறிவிப்பு. காலை ஏழேகால் மணிச் செய்தியில் மேல் அணையைப் பற்றி நான் வாசித்தது தவறு. மதகுகள் மூடப்படவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு நான்கு மதகுகளும் திறக்கப்படுகின்றன. இரு மடங்கு தண்ணீர் வரும். ஆற்றில் இறங்கியவர்கள் உடனே கரையேறுங்கள். கரையோரத்தில் இருப்பவர்கள் எட்டரை மணிக்குள் மேட்டுக்குப் போய்விடுங்கள். அக்கம்பக்கத்தில் வானொலி இல்லாதவர்களுக்கும் சொல்லுங்கள். திரும்பச் சொல்கிறேன்: ஒன்பது மணிக்கு மதகுகள் திறக்கப்படுகின்றன. தவறு என்னுடையது."

நாற்பத்தொரு விநாடி. விளக்கு அணைந்தது. தலைவர் வேறொரு வாக்கியத்தின் நடுவிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

எட்டு இருபத்தைந்துக்கே இயக்குநர் வந்துவிட்டார். நடைப்பயிற்சிக் காலணியோடு, மூச்சிரைக்க. வழியில் எவனோ சொல்லியிருக்கிறான். "இனிமே நீங்க அந்த அறைக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். கமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

எட்டரை. எட்டே முக்கால். ஒன்பது. எதிர்ச் சுவரில் கடிகாரம். அதன் முள்ளைத் தவிர வேறு எதையும் அவளால் பார்க்க முடியவில்லை. ஒன்பதரைக்கு வெளியே எழுந்து போகலாமா என்று நினைத்தாள். போய் என்னத்தைப் பார்ப்பது?

ஒன்பது ஐம்பதுக்கு வாசல் காவலாளியின் குரல் கேட்டது. "யோவ், ஈரத்தோட உள்ள போகாதய்யா!" அவள் கணவர் நின்றார். முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை நீலச் சாயம்.

"பன்னெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சு. நூல் மூணு மூட்டை போச்சு, தள்ளுவண்டி போச்சு, என் ஒத்தச் செருப்பும் போச்சு."

"நான் ரெண்டாவது சொன்னது கேட்டுச்சா?"

அவர் மிச்சமிருந்த செருப்பைக் கழற்றினார். "எங்களுக்குக் கேக்கல. தலைவர் பேச ஆரம்பிச்சதும் ரேடியோவ அணைச்சுட்டோம். எதுத்தாப்புல சைக்கிள் கடைக்காரன் பஞ்சர் ஒட்டிக்கிட்டே கேட்டுருக்கான். டியூபக் கையில பிடிச்சபடி ஓடி வந்து கத்துனான். 'உன் பொண்டாட்டி கூப்பிடுறாய்யா, மேல வா'ன்னு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று காவலாளிக்குத் தெரியவில்லை. கணவர் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போய், ஈரத்தை நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"முதல்ல சொன்னத நம்பி நான்தான் அவங்கள இறக்குனேன்" என்றார் மெதுவாக. "நீ சொன்னா நான் மறுபடி யோசிக்கிறதில்ல, பாரு."

இதுதான் அவளைக் கடைசி வரை குடைந்துகொண்டிருந்த சொல்.

ஆறாம் தேதி முதல் கடிதம். செய்தி வாசிப்பிலிருந்து விலக்கிவைக்கப்பட்டிருக்கிறாள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். குற்றச்சாட்டு, தலைவரின் உரையை நாற்பத்தொரு விநாடி துண்டித்தது. தாள் ஒட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. விளக்கம் எழுதினாள். இரண்டாவது கடிதம் விசாரணைக்கு அழைத்தது.

விசாரணைக்கு முதல் நாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"நான் உங்களுக்கு நல்லது செய்யத்தான் கூப்பிட்டேன்மா. ஆத்துல யாரும் சாகல. ஏழேகால் செய்தியப் பத்தி ஒருத்தரும் புகார் குடுக்கல. பிரச்சினை அந்த நாப்பத்தோரு விநாடிதான். கருவி பழுதாகி லைன் போச்சு, அந்த இடைவெளியில நீங்க வாசிச்சீங்கன்னு எழுதுங்க. முடிஞ்சுது. அடுத்த திங்கக்கிழமை மைக் முன்னாடி உக்காரலாம்."

"கருவி கன்ட்ரோல் ரூம் அண்ணன் பொறுப்புல சார்."

"அவருக்கு ஒரு கண்டனக் கடிதம் போகும். அவ்வளவுதான்."

"அவருக்கு ஏப்ரல்ல ஓய்வு."

"அதனாலதான் சொல்றேன். போகப்போறவருக்கு அது ஒரு பொருட்டா?"

அவள் எழுந்து கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாள். ஃபியூஸுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் எழுதிக் கொடுத்த தாளை லாக் புத்தகத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"கிழிச்சுப் போட்டுடவா? ஃபியூஸ் போச்சுன்னு எழுதிடுறேன். முப்பத்து மூணு வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன், நம்பிடுவாங்க."

"வேணாம் அண்ணே."

"பிடிவாதம் பிடிக்காத. உனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கு. எனக்கு அஞ்சு மாசம். கணக்குப் போட்டுப் பாரு."

"போட்டுப் பாத்துட்டேன். லைன்தான் பழுதுன்னு எழுதுனா, நான் தப்பா வாசிக்கவே இல்லன்னு ஆயிடும். தப்பே நடக்கலன்னா வாக்கியத்த இன்னும் வெட்டிக்கிட்டேதான் இருப்பாங்க. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம். பன்னெண்டு ஆள மறைக்க முடியாது."

"மைக் போயிடும்மா."

அவள் மேசையிலிருந்த பசைக் குப்பியைத் திறந்தாள். தாளை அவர் கையிலிருந்து வாங்கி, லாக் புத்தகத்தில் நவம்பர் நான்காம் தேதிப் பக்கத்தில் நாலு ஓரமும் பசை தடவி ஒட்டினாள். காயும் வரைக்கும் உள்ளங்கையை அதன் மேலேயே வைத்திருந்தாள். ஃபியூஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்குத் தலைமை நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர்தான், அவசரம் மட்டும் அதிகம். மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"ஒலிபரப்பைத் துண்டிக்கச் சொன்னது நீங்கதானா?"

"நான்தான் சார். லாக்ல ஒட்டியிருக்கு."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா அதுக்கு முந்தின தப்பையும் நீங்க எழுதிக்கணும்." ஓர் உறையிலிருந்து ஆறு தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். "அஞ்சு தாள்ல மூலை மடிஞ்சிருக்கு. நாலாவதுல இல்ல. அத மடிக்காதது என் தப்பு. சண்டை போட்டதுல நேரம் போச்சு, அதுவும் என் தப்பு. ஆனா வாக்கியம் அந்தத் தாள்லயே முடிஞ்சிருந்தா, நாலாந்தாள் ஒட்டிக்கிட்டாலும் ஒரு செய்தி விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். மூணாந்தாள் பாதியில நின்னதால பொய்யா மாறிப்போச்சு."

அதிகாரி மூன்றாம் தாளையும் ஐந்தாம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். ஆனாலும் அவர் எழுதிக்கொண்டு வந்த படிவத்தில் தாளைப் பற்றிய கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்றாவது கடிதம் அவளை இசைத்தட்டு நூலகத்துக்கு அனுப்பியது. மறு உத்தரவு வரும் வரை.

நூலகம் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள். தூசி தட்டி, உறை மாற்றி, எண் போட்டு, அட்டை எழுதினாள். ஜனவரி பன்னிரண்டாம் தேதி தலைமை நிலையத்துக்கு ஒரு மனு அனுப்பினாள். இரண்டே கோரிக்கை. ஒன்று, செய்தித் தாளில் வாக்கியம் தாள் தாண்டக் கூடாது என்ற பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டு, தன்னைத் திரும்பவும் செய்தி வாசிக்க விட வேண்டும். எந்தக் கோரிக்கையை முதலில் போடுவது என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்ததாகக் கணவர் சொல்வார்.

அவள் இன்னமும் நாலு பத்துக்கு விழித்துக்கொண்டாள். வேலை பத்து மணிக்குத்தான். வெந்நீர் குடித்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் செய்தியை வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போகும் கணவர், ஏழேகாலுக்கு வானொலியைப் போடுவார். புதிதாக ஒருவர் வாசித்தார். ஆற்றின் நீர்மட்டம் வந்ததும் அவள் சமையலறையில் பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா மூச்சு விடுற சத்தம் கேக்குது" என்பார் கணவர்.

"மூலை மடிக்கிறாரான்னு தெரியலயே."

"அதெப்படி ரேடியோவுல தெரியும்?"

"தாள் சத்தம் கேக்குது. மடிக்கல."

பட்டறையில் அவர் ஒரு புது ஏற்பாடு செய்துகொண்டார். வானொலி என்ன சொன்னாலும் கரையில் ஒரு கோலை நட்டு, கால் மணிக்கொரு தடவை தண்ணீரைப் பார்த்துவரச் சொன்னார். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிய வந்தபோது கேட்டாள்: "என்ன நம்பலன்னா இத அப்பவே செஞ்சிருக்கலாமே?" அவர், "நம்புனதாலதானே செய்யல" என்றார்.

ஏப்ரலில் ஃபியூஸ் கண்டனம் எதுவும் இல்லாமல் ஓய்வு பெற்றார். கடைசி நாள் நூலகத்துக்கு வந்து, "இங்க பல்பு மங்கலா எரியுது, ஃபியூஸ் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூலையில் நான்காவது கடிதம்: மனு பரிசீலனையில் உள்ளது.

ஆகஸ்டில் ஒரு நாள் கமா வந்தார். ஒன்பது மாதமாக நேருக்கு நேர் பேசாதவர். தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு கட்டுத் தாளை நீட்டினார். அன்றைய ஏழேகால் செய்தி. ஒன்பது தாள். ஒவ்வொரு தாளும் முழுப்புள்ளியில் முடிந்திருந்தது.

"தாள் எண்ணி அனுப்புறாங்களே சார்?"

"பழைய கடிதங்களோட முதுகுல அடிக்கிறேன். அந்த நவம்பர் அஞ்சாந்தேதிலேர்ந்து ஒரு வாக்கியத்தக் கூட நான் தாண்ட விடல." ஒரு தட்டின் உறையை நேராக்கினார். "விசாரணையில நீங்க என் பேர ஒரு தடவை கூட எடுக்கல. வெளிய வந்து திட்டுங்கன்னு சொன்னேன். இன்னும் திட்டல."

"வேலையா இருக்கேன். அப்புறமா திட்டுறேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஆறு மாதம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு நாள் மாலை, தலைமை நிலைய முத்திரையோடு கனமில்லாத ஓர் உறை வீட்டு முகவரிக்கே வந்தது. கணவர் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே பிரித்தாள். அதே மெல்லிய தாள். ஓரம் விடாமல், கடைசி வரி வரைக்கும் அடித்திருந்தார்கள்.

"சத்தமா வாசி" என்றார் கணவர்.

செய்தி வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள். "தங்கள் மனுவின் முதல் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. காகிதச் சிக்கன நடவடிக்கை தொடர்வதால் அதை ஏற்க இயலாது. இரண்டாவது கோரிக்கையைப் பொறுத்தவரை, ஒலிபரப்பைத் துண்டித்ததற்கான கண்டனம் தங்கள் பணிப் பதிவேட்டில் நிலைத்திருக்கும் என்பதையும், விசாரணை அதிகாரியின் குறிப்பையும் கருத்தில் கொண்டு, தாங்கள் மீண்டும் காலைச் செய்தி வாசிக்க"

தாள் அங்கே முடிந்தது.

"சொல்லு. வாசிக்க?"

"அடுத்த தாள்ல இருக்கு."

"திருப்பேன்! எனக்குக் கை ஈரம்."

அவள் திருப்பவில்லை. மேசையருகே போய் உட்கார்ந்தாள். இரண்டு தாளையும் மேசையில் பரப்பி, ஓரத்தைச் சரிபார்த்து, நடுவில் வேறு தாள் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இல்லை. முதல் தாளின் வலது கீழ் மூலையைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மடித்தாள். பிறகு இரண்டாவது தாளின் மூலையையும் மடித்தாள். கணவர் துண்டைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார். முதல் தாளைச் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர்த்தினாள்.

"அனுமதிக்கப்படுகிறீர்கள்" என்று வாசித்தாள்.

கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது. "கோலை மட்டும் பிடுங்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

"பிடுங்காதீங்க" என்றாள்.

அந்த ஐந்தாவது கடிதம் வந்த நாள்: 18 பிப்ரவரி 1988, வியாழன்.